வாற கோடை மட்டும் தாங்கும்

சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும் பிள்ளை. ஜக்கற்றையும் கழட்டும், இல்லாட்டி அவிஞ்சு போவீர். ஓம், சூடுதான். ஹீற்றர் இருபத்தெட்டில நிக்குது. என்ர மனுசி இருக்கேக்க வச்சது. குறைக்க மனம் வரேல்லை. அந்தக் கதிரையில இராதேயும், அது சரிவில நிக்குது. இருந்தீரெண்டா என்னோட கதைக்க வந்த நீர் சுவரோட போய்க் கதைப்பீர். இஞ்சால வாரும், இதில இரும்.

நீர் ஏன் வந்தனீரெண்டு எனக்குத் தெரியும். நிலத்தையும் வீடுகளையும் பாக்கிற உங்கட ஒபிசில அத்தினை வெள்ளையள் இருக்க உம்மைப் பாத்து அனுப்பினது ஏனெண்டும் தெரியும். தமிழ்ப்பிள்ளையெண்டாக் கிழவன் கதவு திறப்பான் எண்டு கணக்குப் போட்டிருக்கினம். சரி, திறந்திட்டன். இப்ப கேளும், நீர் கேக்க வந்ததை நானே சொல்லுறன். நகுலனை இந்த வளவுக்க விடவேணும். அவன் வீட்டுக்குக் கீழ பூந்து, ஜாக்கி வச்சு, இறங்கின பக்கத்தை நிமித்துவான். சுத்திவர நான் அடைச்ச பலகையெல்லாத்தையும் பிடுங்குவான். இப்ப செய்யாட்டி, கோடை வர வீடு ஒரு பக்கமாப் படுத்திடும். அதுக்கு நான் ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்ல வேணும். அதுதானே?

ஏலாது பிள்ளை. உந்த வேலை தெரிஞ்சவன் இந்த ஊரில அவன் ஒருத்தன்தான் எண்டு சொல்லப் போறீர். அப்பிடியெண்டா வீடு படுக்கட்டும். நானும் அதோட படுக்கிறன். அவன் வரக்கூடாது.

என்னை ஒரு விசரன் எண்டு நினைக்காதேயும். நான் சும்மா கோவிக்கிற ஆளில்லை. துருவத்துக்குக் கிட்டக் கிடக்கிற இந்த ஊரில ரக்சி ஓடுறன், வெறிக்குட்டியள் பின்சீற்றில சத்தி எடுத்தாலும் துடைச்சுப்போட்டு அடுத்த ஓட்டத்துக்குப் போறவன். அப்பிடிப்பட்ட நான் ஒருத்தனை வாசல்படி மிதிக்க விடுறேல்லை எண்டால், அதுக்கு ஒரு காரணம் இருக்கவேணுமோ இல்லையோ?

நகுலன் ஆரெண்டு உமக்கு ஒபிசில சொல்லியிருக்க மாட்டினம். அவன் என்ர மனுசியின்ர தம்பி. பவளத்துக்கு அவன் ஒருத்தன்தான் கூடப்பிறந்தது. எங்களை இந்த ஊருக்கு வரச்சொன்னதே அவன்தான். நாங்கள் ரொறன்ரோவில ஒரு நிலக்கீழ் அறையில இருந்தனாங்கள். "அத்தான், இஞ்ச ரக்சிக்கு நல்ல உழைப்பு, ஒரு வீடும் வாங்கலாம்" எண்டு ரெலிபோன் எடுத்துக் கூப்பிட்டவன். அவன்ர வேலையை நீர் அறிவீர், நீரும் உந்தப் பகுதிதானே. பள்ளிக்கூடம், ஆசுப்பத்திரி, கடை எல்லாத்துக்கும் கீழ ஓட்டை போட்டு வயர் விட்டு, நிலம் எவ்வளவு குளிர் எண்டு பாக்கிறது. பாத்துப்போட்டு, இந்தக் கட்டடம் இத்தினை வருசத்தில இறங்கும், அந்தக் கட்டடம் அத்தினை வருசத்தில சரியும் எண்டு கொம்பியூட்டரில கணக்குப் போடுறது. எங்கட ஆக்கள் மனுசருக்குச் சாதகம் பாப்பினம். இவன் வீடுகளுக்குச் சாதகம் பாக்கிறவன்.

இந்த வீட்டை நாங்கள் ஒரு வெள்ளைக்காரனிட்ட வாங்கினது. வாங்கேக்கையே எனக்கு ஒண்டு பிடிக்கேல்லை. வீடு நிலத்தில இல்லை. மரக்குத்தியளில நிக்குது. கீழ ஒரு ஆள் குனிஞ்சு போற உயரத்துக்கு வெறும் இடம், அதுக்குள்ளால காத்து ஊ எண்டு அடிக்குது. நான் சுழிபுரத்தான். எங்கட ஊரில வீடெண்டா அத்திவாரம் வெட்டி, கல்லடுக்கி, மண் போட்டுத் தண்ணி விட்டு இறுக்கி, அதுக்கு மேலதான் வீடு. கீழால காத்து ஓடினா அது வீடோ? கோழிக்கூடு. நான் முதல் செய்த வேலை, பிளைவுட் வாங்கி வந்து நாலு பக்கமும் அடைச்சது. அடைச்சுப்போட்டுத்தான் நல்லநாள் பாத்துப் பால் காய்ச்சினது.

பால் காய்ச்சின அண்டு நகுலன் வந்தான். வந்தவன் கையில கொண்டுவந்த பழத்தட்டைக்கூட வைக்கேல்லை. வீட்டைச் சுத்திப் பாத்தான். பால் பொங்கி வருது, பவளம் அடுப்புக்கு முன்னால கைகூப்பிக் கொண்டு நிக்கிறாள், அந்த நேரம் பாத்துச் சொல்லுறான்: "அத்தான், கீழ அடைக்காதேங்கோ. இது உறைஞ்ச நிலம். வீட்டின்ர சூடு கீழ இறங்கும். காத்து ஓடினாத்தான் அந்தச் சூட்டைக் கொண்டு போகும். அடைச்சீங்களெண்டா நிலம் இளகிச் சேறாகும், குத்தியள் இறங்கும், வீடு இருந்திடும்."

இருந்திடுமாம்! பால் பொங்கேக்க சொல்லுற சொல்லோ பிள்ளை இது? ஒரு நல்ல நாளில, ஒரு நல்ல நேரத்தில. படிச்சவன்தானே, எந்த நேரம் எதைச் சொல்லுறதெண்டு தெரியாதோ? பவளம்தான் சிரிச்சுச் சமாளிச்சவள். "தம்பி, வாயை மூடிக்கொண்டு கற்கண்டைச் சாப்பிடு" எண்டவள். பேந்து அவள்தான் என்னைக் கெஞ்சி, ரெண்டு பக்கத்துப் பலகையைக் கழட்ட வச்சது. அவளுக்காகக் கழட்டினன். எத்தினையோ வருசம் வீடு அசையாமல் நிண்டது. அவன் அந்தப் பக்கத்தால வரேக்கையெல்லாம் குனிஞ்சு கீழ பாத்துப்போட்டுத்தான் உள்ளுக்க வருவான். முதலில வீட்டைச் சுகம் விசாரிச்சுப்போட்டுப் பேந்துதான் எங்களை விசாரிப்பான் எண்டு பவளம் பகிடி விடுவாள். அப்ப நானும் சிரிச்சனான்.

தண்ணி ஏதும் குடிக்கிறீரோ? வேண்டாமோ. சரி.

பேந்துதான் அவளுக்கு வருத்தம் வந்தது. வயித்தில. எட்மன்டனுக்குக் கொண்டுபோய், வெட்டி, மருந்தேத்தி, எல்லாம் செய்தாச்சு. ஐப்பசியில டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டு, இனி வீட்டில வச்சுப் பாருங்கோ எண்டார். எவ்வளவு காலம் எண்டு கேட்டன். புது வருசத்தைத் தாண்டுறது கஷ்டம் எண்டார். நான் அவளுக்குச் சொல்லேல்லை. நகுலனுக்கு மட்டும் சொன்னன். அந்த நேரம் அவனை ஒரு சொந்தம் எண்டு நினைச்சுத்தான் சொன்னன்.

வீட்டுக்கு வந்தவளுக்குக் குளிர். என்ன போத்தாலும் குளிர். எலும்புக்குள்ள குளிருதப்பா எண்டுவாள். நான் ஹீற்றரை ஏத்தினன். இருபத்தி நாலு, இருபத்தாறு, கடைசியா இருபத்தெட்டு. கழட்டின பலகையைத் திருப்பி அடிச்சன். அதுக்கு மேலால படங்குச் சீலை. அதுக்கு மேலால, ஸ்நோவைச் சவளால அள்ளி வீட்டைச் சுத்தி இடுப்பளவுக்குக் குவிச்சன். ஸ்நோ போர்வை மாதிரியெல்லே, காத்தை உள்ளுக்க விடாது. அவளின்ர கால் குளிரக்கூடாது. எனக்கு வேற யோசினை இல்லை.

அப்ப நகுலன் ஒருநாள் வந்தான். வீட்டைச் சுத்திப் பாத்தான். அண்டைக்குப் போனவன் ரெண்டு நாள் கழிச்சுக் கொம்பியூட்டரோட வந்தான். குசினி மேசையில விரிச்சு வச்சான். ஏதோ சிவப்புக் கோடு, நீலக் கோடு. நான் நினைச்சன், சூட்டைக் குறைக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறான் எண்டு. அப்பிடிச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, ரெண்டு ஏச்சு ஏசிப்போட்டு விட்டிருப்பன். அவன் சொன்னது வேற.

"அத்தான், சூட்டைக் குறைக்க வேண்டாம். அக்காவுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு வையுங்கோ. நான் கணக்குப் பாத்திட்டன். இந்தச் சூட்டிலயும், இப்பிடி அடைச்சு வச்சாலும், வீடு வாற கோடை மட்டும் தாங்கும். அது காணும்."

அது காணும்.

உமக்கு விளங்குதோ பிள்ளை? எதுக்குக் காணும்? ஆருக்குக் காணும்? அறைக்குள்ள அவள் படுத்திருக்கிறாள், மூச்சு விடுற சத்தம் குசினிக்குக் கேக்குது. இவன் வீட்டின்ர ஆயுளையும் அக்காவின்ர ஆயுளையும் பக்கத்தில பக்கத்தில வச்சு அளந்து பாத்து, அது காணும் எண்டுறான். வீடு நிக்கிற காலத்துக்குள்ள அவள் போயிடுவாளாம்! கூடப்பிறந்த தம்பி நாள் குறிக்கிறான்! கொம்பியூட்டரைத் தூக்கி வெளியில எறிஞ்சன். படியில விழுந்து உடைஞ்சுது. "இனி இந்த வாசல்படி மிதிச்சியோ, காலை முறிப்பன்" எண்டன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் விடேல்லை. உடைஞ்சதைப் பொறுக்கிக்கொண்டு போனான்.

போனவன் போனவன்தான்.

இப்ப கேளும் வேடிக்கையை. அவள் புது வருசத்தைத் தாண்டினாள். பொங்கலுக்கு ஒரு கரண்டி புக்கை சாப்பிட்டாள். கோடையும் வந்தது, அவளைக் கைத்தாங்கலாப் பிடிச்சுக்கொண்டு போய் வெளியில வெய்யிலில இருத்தினன். டொக்டர் சொன்னது பிழை. இவன் சொன்னதும் பிழை! வாற கோடை மட்டும் தாங்குமெண்டவன், கோடை முடிஞ்சு, இலையெல்லாம் கொட்டி, அடுத்த ஸ்நோவும் விழுந்திட்டுது, வீடு ஒரு நூல்கூட அசையேல்லை. கதவெல்லாம் வடிவாப் பூட்டுப்பட்டுது. நான் நாவூறு பட்டுடுமெண்டு வாயால சொல்லேல்லை, ஆனா ஒவ்வொரு நாளும் கதவைப் பூட்டித் திறந்து பாத்து மனசுக்குள்ள சிரிச்சனான். பெரிய கணக்கு! அத்தினை படிப்பும் கொம்பியூட்டரும் ஒரு வீட்டின்ர கணக்கைச் சரியாப் போட ஏலேல்லை.

நீர் ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? அவன்ர கணக்குப் பிழைக்காதெண்டோ? அப்ப ஏன் வீடு நிண்டது, சொல்லும் பாப்பம்.

என்னது? ஸ்நோவோ? ஓம், நீர் கேட்டது நல்லதாப் போச்சு, அது இன்னொரு கோதாரி. நான் குவிக்கிற ஸ்நோ ஒண்டும் நிக்கிறேல்லை. விடிய அள்ளிக் குவிச்சு, அடிச்சு இறுக்கிப்போட்டு ரக்சிக்குப் போவன். பின்னேரம் வந்து பாத்தா ஒரு பக்கம் முழுக்கத் துப்புரவா நிலம் தெரியும். பலகையும் ரெண்டு மூண்டு கழண்டு கிடக்கும். காத்து எண்டு நினைச்சன். பேந்து பக்கத்து வீட்டுக்காரியின்ர நாயள் எண்டு விளங்கிச்சுது, அந்த மனுசி ஏழெட்டு நாய் வச்சிருக்கிறாள். போய்ச் சண்டை பிடிச்சன். அவள் சிரிச்சுப்போட்டு, "உன்ர நாய் நல்ல உழைப்பாளி" எண்டாள். எனக்கு எங்க நாய்? வயசு போனதில அவளுக்கும் புத்தி மாறாட்டம். நான் திருப்பியும் பலகையை அடிப்பன், திருப்பியும் குவிப்பன். அடுத்த நாள் திருப்பியும் வெறுமை. ரெண்டு மாரி முழுக்க எனக்கு இதுதான் வேலை. மைனஸ் நாப்பதில பிள்ளை, கண்ணிமை ஒட்டும். ஆனா அவளுக்காக எண்டபடியால் நான் அலுக்கேல்லை.

ரெண்டாவது மாரியில அவள் கட்டில் வேண்டாமெண்டிட்டாள். நிலத்தில பாய் விரிக்கச் சொன்னாள். நிலம் குளிரும் பவளம், சொல்லுக் கேள் எண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்தன். பிடிவாதம். காதை நிலத்தில வச்சுக்கொண்டு ஒருக்களிச்சுப் படுப்பாள். நோவுக்கு அப்பிடிப் படுத்தாச் சுகமாக்கும் எண்டு விட்டன். நிலத்தில படுக்கிறாள் எண்டதுக்காக இன்னும் கூட ஸ்நோ குவிச்சன்.

அவள் தனிய இருந்து கதைக்கவும் தொடங்கினாள். நான் வேலையால வந்து கதவு திறக்கேக்க அறைக்குள்ள அவளின்ர குரல் கேக்கும். சின்ன வயசுக் கதையள். கிணத்துக்கட்டில தம்பி வழுக்கி விழுந்தது, ஐயா அடிக்க வர இவள் குறுக்க நிண்டது. நான் உள்ளுக்கப் போனா நிப்பாட்டிப் போடுவாள். அந்த மருந்து அப்பிடித்தான், ஆளை மயக்கிப் போடுமெண்டு நேர்ஸும் சொன்னவள்.

முதல் மாரியில அவள் நெடுகக் கேப்பாள், "தம்பி ஏன் வாறேல்லை?" எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது? உன்னைச் சாகச் சொன்னவன் எண்டோ? "அவனுக்கு வேலை கூட" எண்டுவன். பேந்து பேந்து கேக்கிறதை விட்டிட்டாள். அவளுக்கும் அவனை வெறுத்துப் போச்சுதெண்டு நான் நினைச்சன். எனக்கு அது ஒரு ஆறுதல், ஒளிக்காமல் சொல்லுறன்.

மாசியில போனாள். வாற கிழமை ஆட்டைத்திவசம், ஒரு வருசம் ஆகுது. இஞ்ச எரிக்கிற வசதி இல்லை, ரொறன்ரோவுக்குக் கொண்டுபோனது. செத்தவீட்டுக்கு அவன் வந்தான். ஒரு மூலையில நிண்டான். அவன்ர கையைப் பாத்தன். விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் வெடிச்சு, ஒரு நகம் இல்லை. குளிர் அடிச்ச கை. ஒபிசில கொம்பியூட்டர் தட்டுறவனுக்கு ஏன் அந்தக் கோலம்? குடிச்சுப்போட்டு ஸ்நோவுக்க விழுந்து கிடந்திருப்பான். வாய்க்கரிசி போட வந்தவனை நான் மறிச்சன். எல்லாருக்கும் முன்னால கேட்டன், "கணக்குப் பிழைச்சுப் போச்செண்டு கவலையோ?" எண்டு. அரிசியைக் கையில வச்சுக்கொண்டே நிண்டான். பேந்து பெட்டியைத் தொடாமல் திரும்பிப் போனான். அதோட வடக்க வேற ஊருக்கு வேலை மாறிப் போனவன். இப்பதான் திரும்பி வந்தவனாம், வந்த உடன என்ர வீட்டைத் தூக்கி நிறுத்தப் போறானாம்.

அவள் போன பிறகுதான் பிள்ளை வீடு இறங்கினது. அந்தக் கோடை முடியேக்க முதல் குசினிக் கதவு இறுகிச்சுது. பேந்து ஜன்னல் கண்ணாடி வெடிச்சுது. பேந்து நிலம் சரிஞ்சுது. வீட்டுக்கும் உயிர் இருக்கு. அவள் இருக்குமட்டும் அவளைத் தாங்கிக்கொண்டு நிண்டது, அவள் போக அதுவும் மனம் விட்டிட்டுது. இதை உங்கட கொம்பியூட்டர் சொல்லுமோ? இந்த மாரி ஸ்நோ வச்ச இடத்தில அப்பிடியே இருக்கு, ஒரு பலகை கழரேல்லை. நாயளும் வாறேல்லை. நான் வடிவா இறுக்கித்தான் வச்சிருக்கிறன். எண்டாலும் இறங்குது. துக்கத்தில இறங்கிற வீட்டை ஜாக்கி வச்சு நிமித்த ஏலுமோ?

எழும்பாதேயும், இரும். ஒபிசில போய் என்ன சொல்லுவீர்? கிழவன் மாட்டனெண்டிட்டான் எண்டு சொல்லும். கேட்டா, ஏனெண்டு காரணத்தையும் சொல்லும். நாள் குறிச்சதை விடும், வாய் தவறிச் சொன்னானெண்டு வைப்பம். நான் வராதை எண்டது உண்மை. கோவத்தில சொன்னது. கூடப்பிறந்தவன் அதைக் கேட்டு வராமல் விடலாமோ? ரெண்டு மாரி அவள் இந்த நிலத்தில கிடந்து தேய்ஞ்சவள். ஒரே ஊர், பத்து நிமிச நடை. ஒரு நாள், ஒரேயொரு நாள் வந்து எட்டிப் பாத்தானோ? அதைத்தான் பிள்ளை என்னால மறக்க ஏலாமல் கிடக்கு.

அவளோ, கடைசி மட்டும் அவன்ர நினைப்புத்தான். ஒண்டு சொல்லுறன் கேளும், உமக்கே பாவமா இருக்கும். அவள் சாகிறதுக்கு முந்தின மார்கழி, சூரியன் தலை காட்டாத நாள்கள். மத்தியானம், ஆனாக் கும்மிருட்டு. அண்டைக்கு ரக்சி பழுது, நான் வீட்டில நிண்டன். வீட்டு நிலத்துக்குக் கீழ கறக் கறக் எண்டு சத்தம். நாயள்தான். எனக்கு வந்த கோவத்துக்கு, சப்பாத்துக் காலால நிலத்தில நாலு உதை உதைஞ்சன். சத்தம் நிண்டிட்டுது.

பவளம் கண்ணைத் திறந்து, "ஏனப்பா உதைக்கிறீங்கள்? தம்பியெல்லே கீழ நிக்கிறான்" எண்டாள்.

மருந்து மயக்கம். நான் தலையைத் தடவி விட்டன். ஓம், ஓம், படு எண்டன்.

"இந்தக் குளிருக்க நிக்கிறான். ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுங்கோ" எண்டாள்.

நான் என்ன செய்ய? இல்லாத ஆளுக்கு எங்க கொண்டுபோய்க் குடுக்கிறது? ஆனா விடமாட்டாள் எண்டு தெரியும். எழும்பிக் குசினிக்குப் போய்க் கேத்திலைக் கொஞ்சம் சத்தம் போட வச்சன். வாசல் கதவைத் திறந்து, அப்பிடியே சாத்தினன். திரும்பி வந்து, "குடுத்திட்டன், குடிச்சுப்போட்டுப் போறான்" எண்டன்.

"சீனி போட்டனீங்களோ?" எண்டு கேட்டாள்.

போட்டன் எண்டன். அதுக்குப் பிறகுதான் கண்ணை மூடினவள்.